ரோட்டு அளவு

உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே, ஏன் ஆடுகிறான். அவன் சீட்டில் திரும்பித் திரும்பிச் சிரிக்கும்போதெல்லாம் இங்கே என் மூக்குக்கு மேலே ஸ்பிரிங் பட்டை ஒரு நூல் இறங்கி ஒரு நூல் ஏறுகிறது, ரப்பருக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கிற சந்து கூடிக் குறைகிறது, ஓட்டுகிறவன் பாரத்தோடு அளக்கத்தான் உட்காரவைத்தேன், இப்படி ஆடினால் எதை வைத்து அளப்பது. "ஏனுங்க, ஆடாம உக்காருங்க" என்றேன். "உக்காந்துதான இருக்கறேன் அம்மிணி, நீ ஆகற வேலையப் பாரு" என்று தகரத்தைத் தாண்டிக் குரல் வந்தது, பின்னாலேயே சபாபதியின் சிரிப்பு. சபாபதிக்கு டயர் கடை, இவனுக்கு பிளைவுட் கடை, இரண்டு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரேஸ். கைவிட்ட ஓடுதளம், பல்லடம் தாண்டி, புல் முளைத்த கான்கிரீட், ஓரத்தில் ஷாமியானா, மைக்கில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறான். நான் அட்டையை விரித்து எங்கள் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். எனக்கு இங்கிருந்து கால்கள்தான் தெரிகின்றன. சபாபதியின் செருப்பு, யாரோ ஒருத்தனின் லுங்கிக்கரை, ஒரு நாயின் நாலு கால். கல் வைத்துச் சக்கரத்தை அணைத்திருக்கிறேன், சாவி என் சுடிதார் பாக்கெட்டில். வண்டிக்கு அடியில் போகிறவள் கையில்தான் சாவி இருக்க வேண்டும், அது என் சட்டம், அவனுக்கு அதிலும் கேலி, "எங்கூட்டுக்காரிக்கு என்மேல அம்புட்டு நம்பிக்கை." ஆமாம். அம்புட்டு நம்பிக்கை. காலையில் ஓடின ஓட்டத்தில் வலது பின்சக்கரம் குதித்தது. கிளம்பின வேகத்தில் ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு, பட்டை பாம்பு மாதிரி நெளிந்து, சக்கரம் தரையைக் கடித்து விட்டு கடித்து விட்டு, தட் தட் தட்டென்று. அந்த நெளிவைப் பிடித்து நிறுத்தத்தான் பார் என்று ஒன்று. ஆக்ஸிலுக்கு அடியில் பூட்டி முன்பக்கம் நீட்டிய இரும்புக் குழாய், நுனியில் ரப்பர், பட்டை நெளியப் பார்த்தால் ரப்பர் முட்டுக்கொடுக்கும். ரேஸ் என்றால் வலது பக்கத்து ரப்பரைப் பட்டையில் அழுத்தி முறுக்க வேண்டும், கிளம்பும்போது லேசாகிப் போவது வலது சக்கரம்தான். ரோடு என்றால் இரண்டு பக்கமும் ஒரு விரல் சந்து விட வேண்டும், பட்டை மூச்சு விட வேண்டும், பள்ளத்திலும் வளைவிலும் அது மடங்கி நிமிர வேண்டும். ரேஸ் அளவு, ரோட்டு அளவு. இவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தை அன்றைக்கு ஒருத்தன் கொடுத்திருந்தால்.

அவன். வாயில் நீங்கதான், ஏனுங்கதான், வாங்க போங்கதான். உள்ளே எப்போது அவன் ஆனான் என்று எனக்குத் தெரியும், போன மாசம், ஆஸ்பத்திரி வராந்தாவில், எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிவிட்டு உள்ளே போன பிறகு. காறையெலும்பு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது. எங்கள் மகள் தாரணிக்கு. பதினோரு வயசுப் பிள்ளையின் காறையெலும்பு சுண்டுவிரல் கனம்தான் இருக்கிறது, அதில் ஒரு கறுப்புக் கோடு. நான் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து, தங்கச்சி வளைகாப்புக்குக் கட்டின புடவையோடு, கையில் பூசின சந்தனத்தைக் கூடக் கழுவாமல் ஓடி வந்து நிற்கிறேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான் அவனுக்கு, சொல்கிறான்: "பாரைத் தளத்தாமயே இருந்திருக்குது இந்து. அது உன்னோட டிபார்ட்மெண்ட்தானே." என் நாத்தனார் பக்கத்தில் நிற்கிறாள். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். உன்னோட டிபார்ட்மெண்ட். நான் ஊரிலேயே இல்லை. அன்றைக்கு ரேஸுக்கு நான் வரவில்லை, பாரை முறுக்கினது அவன், ஜெயித்தது அவன், ஜெயித்த குஷியில் பாப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தது அவன், முதல் மழை விழுந்து எண்ணெய் மிதக்கிற ரோட்டில் பாலத்து வளைவில் பிரேக்கை மிதித்தது அவன். வலது பக்கம் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிற வண்டி வளைவில் எப்படி வளையும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியிருக்கிறது. வெள்ளை பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ரோட்டு அளவு இதுவரைக்கும் என்று, கண் தெரியாதவன் கூடத் தடவிப் பார்த்துத் திருப்பலாம். டிபார்ட்மெண்ட். அன்றைக்கு நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எதற்குச் சண்டை, பிள்ளை உள்ளே படுத்திருக்கிறாள், முதலில் பிள்ளை. அப்புறம் வீட்டில் எதற்குச் சண்டை, பிள்ளை தூங்குகிறாள். அப்புறம் பிள்ளை படிக்கிறாள். அப்புறம் இன்றைக்கு எதற்கு, நாளைக்குக் கடை திறக்கணும். அந்த ஒரு வரி மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி, சோறு விழுங்கினாலும் இறங்குவதில்லை, பேசினாலும் வெளியே வருவதில்லை.

ஸ்பேனரைக் கொடுத்து லாக் நட்டைத் தளர்த்துகிறேன். மண் உதிர்ந்து கண்ணில் விழுகிறது. இமையைத் தோளில் தேய்த்துக்கொள்கிறேன். இந்த பாரை நான்தான் செய்தேன், அதுவும் எனக்கு எரிகிறது. பம்ப் கம்பெனியில் தரப்பரிசோதனையில் இருக்கிறேன், நாள் முழுக்க அடுத்தவன் கடைந்த ஷாஃப்டை அளந்து சரி, தள்ளு, சரி, தள்ளு என்று சொல்கிற வேலை. இதுதான் நானே வரைந்து, நானே குழாய் வாங்கி, பக்கத்துத் தெரு வெல்டிங் கடையில் கிட்டத்திலேயே நின்று பற்றவைக்கச் சொல்லி வாங்கி வந்தது. முதல் தடவை பூட்டி ஓட்டினபோது வண்டி குதிக்கவே இல்லை. பின்பக்கம் குனிந்து, மூக்கைத் தூக்கி, நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. நான் ஓரத்தில் நின்று கத்தினேன், எனக்கே தெரியாமல் கத்தினேன், தாரணி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவன் இறங்கி ஓடி வந்து அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துத் தூக்கி, "இவதான் செஞ்சா, இவதான்" என்றான். அந்த ஆளும் இவன்தான். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்டவனாகவே இருந்து தொலைத்திருந்தால் இவ்வளவு நாள் இப்படிப் புழுங்க வேண்டியிருக்காது. நல்லது நடந்தால் இவதான் செஞ்சா, கெட்டது நடந்தாலும் இவதான் செஞ்சா. கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களுக்கு நடுவில் தாரணியின் நீலச் செருப்பு ஆடிக்கொண்டிருக்கிறது. தோளில் இன்னும் கையைத் தாங்குகிற தூளி. வீட்டில் விட ஆளில்லை, மாமியார் கோவிலுக்குப் போயிருக்கிறார், அதனால் கூட்டி வந்தோம். கூட்டி வந்தோமா, கூட்டி வந்தேனா. இதே வண்டியில். இதே முன்சீட்டில். ஏன் வந்தேன். வராமல் இருந்தால் அவனே முறுக்கிக்கொள்வான், அவனே அப்படியே ஓட்டிக்கொண்டு வருவான், அதனால் வந்தேன். காவலுக்கு வந்த மாதிரி. மேற்கே, வாளையாறு பக்கம், காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு வருகிறது. ஃபைனல் முடியும். ஜெயித்தால் ஃபோட்டோ, தோற்றால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்பான். எப்படியானாலும், "வா வா, மழை வர்றதுக்குள்ள போயிரலாம், வீட்ல போய்த் தளத்திக்கலாம்." இந்த வாக்கியத்தை அவன் இன்னும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இப்போதே காதில் கேட்கிறது, நான் வேண்டாங்க என்பேன், அவன் எல்லோரும் பார்க்கிறார்கள் என்பான், நான் ஏறிவிடுவேன். ஏறிவிடுவேனா. ஏறித்தானே இருக்கிறேன் இத்தனை வருஷமும்.

ரப்பரைத் தாங்குகிற திருகாணியைத் திருப்புகிறேன். ரப்பர் மேலே ஏறி ஏறிப் பட்டையைத் தொடுகிறது. தொட்டதற்கு மேல் இன்னும் அரைச் சுற்று. கை கனக்கிறது. "ஆச்சா இந்து?" "ஆகுதுங்க." இப்போது புதுசாக ஒரு ஜோடிக் கால் வருகிறது, வெள்ளை ஷூ, மடிப்புக் கலையாத பேண்ட். ரேஸ் நடத்துகிறவர்களில் ஒருத்தராக இருக்க வேண்டும், குரல் கோயம்புத்தூர்க் குரல் இல்லை. "சார், காலைல உங்க ரன் செம. ஃபைனல்ல நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. அது உங்க பொண்ணா? கையில என்ன ஆச்சு?" நான் திருகுவதை நிறுத்தினேன். எனக்குத் தெரியும், கேட்கக் கூடாது, காதை மூடிக்கொள்ள வேண்டும், கை இரண்டும் கிரீஸ். மேலே சீட் கிறீச்சிட்டது, அவன் சாய்ந்து வாகாக உட்கார்கிறான், கதை சொல்வதற்கு. "அத ஏன் சார் கேக்கறீங்க. போன மாசம் ரேஸ் முடிச்சு வர்றப்ப வண்டி வழுக்கிருச்சு. பாரை ரோட்டுக்கு மாத்தணுமில்ல, எங்க வீட்ல மறந்துட்டா. பாவம், மனசு ஒடஞ்சு போயிட்டா. நான் ஒரு வார்த்த கேக்கல சார். கேட்டு என்ன பண்றது, பொம்பளைக்கு ஆயிரம் வேலை." வெள்ளை ஷூ உச்சுக்கொட்டியது. "பெரிய மனசு சார் உங்களுக்கு." பெரிய மனசு. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது, மைக்கின் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கிறது. மன்னிக்கிறான். என்னை மன்னிக்கிறான். செய்யாததற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, என் தலைக்கு மேல் ஒன்றரை டன் இரும்பு, அதற்கு மேல் அவன், நான் கீழே மல்லாந்து கிடக்கிறேன், அவன் ஜெயிப்பதற்காக முறுக்கிக்கொண்டு. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். கடையில் சொல்லியிருப்பான். தாரணி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பான், அதனால்தான் கிளாஸ் டீச்சர் என்னிடம் அப்படிப் பேசினாள், "நீங்க டென்ஷன் ஆகாதீங்க மேடம், எல்லாருக்கும் மறதி வரும்," எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, குடை மறந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன். சிரித்துவிட்டு வந்தேன். நாத்தனார் போன வாரம் டிபன்பாக்ஸில் புளிக்குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீ அதையே நெனைக்காத இந்து" என்றாளே. எதையே. இப்படி ஊர் முழுக்க ஒரு இந்துமதி இருக்கிறாள், பிள்ளை எலும்பை உடைத்தவள், பாவம், மறதிக்காரி. அவளை எனக்குத் தெரியாது. அவளைப் பெற்று வளர்த்து வீடு வீடாக அனுப்புகிறவன் மேலே உட்கார்ந்திருக்கிறான்.

கை தானாகத் திரும்பியது என்று சொன்னால் பொய். நான்தான் திருப்பினேன், யோசித்துத்தான் திருப்பினேன். எதிர்ப்பக்கம். அரைச் சுற்று, ஒரு சுற்று, ரப்பர் பட்டையை விட்டு விலகியது, இன்னும் இரண்டு சுற்று, என் விரலை நடுவில் கொடுத்துப் பார்த்தேன், நுழைந்தது. லாக் நட்டை இறுக்கினேன், நன்றாக இறுக்கினேன், உடம்பு முழுவதையும் கொடுத்து. நகர்ந்து இடது பக்கம் போய் அங்கேயும் விரலைக் கொடுத்துப் பார்த்துச் சரி பண்ணினேன். ஆத்திரத்தில் செய்கிற வேலை கோணலாகும் என்பார்கள், என் கை இவ்வளவு நிதானமாக என்றைக்கும் இருந்ததில்லை. அட்டையோடு வெளியே இழுத்துக்கொண்டு வந்து எழுந்தேன், வெயில் இல்லை, மேகம் பாதி வானத்தைத் தின்றுவிட்டது. "ஆச்சா? சாவி குடு, லைன்ல போய் நிக்கணும்" என்று கையை நீட்டினான். "ஆச்சுங்க. ரோட்டு அளவு வெச்சாச்சு." அவனுக்குப் புரியவில்லை, சிரித்தான். "ஏ, ஃபைனல் இருக்குது." "வூட்டுக்குப் போறோம். நானும் பாப்பாவும். எறங்குங்க." சபாபதி, "அக்கா, என்னக்கா" என்று ஒரு அடி முன்னால் வந்தான். வெள்ளை ஷூக்காரருக்கு முகம் இருந்தது, சின்ன வயசு முகம், நான் அவரிடம்தான் திரும்பினேன். அவனிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவனுக்குத் தெரியாததா. "சார், அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்க. திருப்பூர்ல, என் தங்கச்சி வளைகாப்புல இருந்தேன். பாரை முறுக்குனது இவரு. தளத்தாம என் புள்ளைய ஏத்திட்டு வந்ததும் இவரு. எனக்கு எதும் மறக்கலீங்க." வார்த்தை ஒன்றும் உடையவில்லை. அந்தச் சின்ன வயசு மனுஷர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார், வேறென்ன சொல்வார். இவன் மெதுவாக இறங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மானத்த வாங்காத இந்து." அப்புறம் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பாதிச் சிரிப்போடு, "சரி, நாந்தான் மறந்துட்டேன், போதுமா? மனுசன்னா மறக்க மாட்டானா? அதுக்கு ஃபைனலையா நிறுத்துவ?" நான் ஷாமியானாவைப் பார்த்து, "தாரணி, வா சாமி" என்றேன். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, அப்பாவைப் பார்க்காமல், முன்சீட்டில் ஏறினாள். நான் கல்லை உருவி எறிந்தேன். மைக்கில் அவன் பெயரை, எங்கள் வண்டி நம்பரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பல்லடம் தாண்டும்போதே பிடித்துக்கொண்டது மழை. வைப்பர் ஒரு பக்கம் ரப்பர் போய்க் கண்ணாடியைக் கீறுகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் மெத்தென்று மடங்கி நிமிர்கிறது, எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, கோபம் குறையவில்லை, வெளியே விட்டால் குறையும் என்று யார் சொன்னது, கதவைத் திறந்துவிட்ட மாதிரி இன்னும் உள்ளே வருகிறது. அவன் சபாபதியின் வண்டியில் வந்துவிடுவான். வந்து என்ன சொல்வான். மாமியார் என்ன சொல்வார். நாத்தனாருக்கு இந்நேரம் ஃபோன் போயிருக்கும். ஒரு ஃபைனலுக்காக, ஒரு கோப்பைக்காக, ஒரு வார்த்தைக்காக என்று ஆளாளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். மறந்துட்டேன் என்று ஒத்துக்கொண்டானே, அத்தனை பேர் முன்னால், அது போதாதா உனக்கு, என்று எனக்குள்ளேயே ஒருத்தி கேட்கிறாள், மறக்கிறது மனுஷ குணம்தானே, நீ அடுப்பை அணைக்க மறந்ததில்லையா, சாயந்தரம் வந்தால் காப்பி போட்டுக் கொடுத்து, சரி விடுங்க என்று, அப்படியே, மெல்ல, பழையபடி. லாரி ஒன்று தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது. தாரணி என் ஃபோனை மடியில் வைத்திருந்தாள், அது அடித்து அடித்து நின்றது. "அப்பாங்களா?" "ஆமாங்மா." கொஞ்ச தூரம் போனோம். சூலூர் குளம் நிறைந்து வழிகிற மாதிரி ரோடு ஒரே வெள்ளை. அப்போது அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, கணக்கு வாத்தியாரிடம் விடை சொல்கிற குரலில் சொன்னாள். "அப்பா மறக்கலீங்மா." நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். "அன்னிக்குக் கெளம்பறப்ப நான் கேட்டேன். அப்பா, பாரை மாத்தலையான்னு. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பத்து நிமிசம் ஆகும், மழை வந்துரும், ஏறுன்னாரு. அப்பறம் ஆஸ்பத்திரியில, நீ கேட்டத அம்மாகிட்ட சொல்லீராத பாப்பா, அம்மா அப்பாவ விட்டுட்டுப் போயிரும்னாரு." வைப்பர் கீறிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் ஒரு டீக்கடைக் கூரைக்குக் கீழே ஆட்கள் ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களைத் தாண்டி வண்டியை ஒதுக்கினேன், கியரை விடுவித்துப் பிரேக்கைப் போட்டேன். அந்தச் சின்ன எலும்பு. அதற்குள் இதையும் வைத்துக்கொண்டு, தூளிக்குள், இத்தனை நாளும், இட்லியைப் பிட்டுக்கொண்டு, ஹோம்வொர்க் எழுதிக்கொண்டு. அவன் மறக்கவில்லை. ஒரு பிள்ளை ஞாபகப்படுத்தியும். என் தலைக்குள் இவ்வளவு நேரம் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. "ஏன் சாமி, இத்தன நாளா அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன், கேட்ட குரல் எனக்கே அழுகை மாதிரி இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தக் கண்ணில், நிஜமாகவே புரியாமல் கேட்கிற கண். "ஆஸ்பத்திரியில அப்பா உங்களச் சொன்னது உள்ள எனக்குக் கேட்டுதுங்மா, நீங்களும் ஒண்ணும் சொல்லலீங்களேம்மா." மடியில் ஃபோன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எடு கண்ணு" என்றேன். "ஸ்பீக்கர்ல போடு."